எந்த ஃபியூஸும் காட்டிக்கொடுக்காத பழுது

மின்சாரத்தில் மூன்று விதமான கோளாறுகள் உயிரை வாங்கும். முதலாவது, கம்பி தாங்குவதைவிட அதிக மின்னோட்டம் பாய்வது. அதற்கு எம்.சி.பி. இருக்கிறது, பழைய வீடென்றால் ஃபியூஸ் இருக்கிறது. இரண்டாவது, மின்சாரம் தன் வழியை விட்டு வாஷிங் மெஷினின் தகட்டுக்கும் அதைத் தொட்டவர் கைக்கும் தாவுவது. அதற்கு ஆர்.சி.சி.பி. இருக்கிறது, 30 மில்லி ஆம்பியர் வழிதவறினாலே சப்ளையைத் துண்டித்துவிடும். மூன்றாவது, தளர்ந்த இணைப்பு. ஒரு திருகு சரியாக முறுக்கப்படவில்லை, கம்பி முனையில் மாட்டும் ஒரு லக் ஒழுங்காக நசுக்கப்படவில்லை, அலுமினியக் கம்பியும் பித்தளை முனையும் சேருமிடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சப்ளையை நிறுத்தும் கருவி நம் வீடுகளில் கிடையாது. தீப்பொறியை மோப்பம் பிடித்துத் துண்டிக்கும் கருவிகள் சில நாடுகளில் புழக்கத்தில் உள்ளன; நம் ஊர் டி.பி. பெட்டிகளில் அவற்றைப் பார்ப்பது அரிது.

ஏன் எதுவும் ட்ரிப் ஆவதில்லை என்பதற்குச் சிறு கணக்குப் போதும். இரண்டு ஏ.சி., ஒரு கீசர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு ஓடும் வீட்டில் மெயினில் 30 ஆம்பியர் போகிறது என்று வைப்போம். மீட்டருக்குப் பக்கத்து இணைப்பு தளர்ந்து, அங்கே 0.05 ஓம் மின்தடை சேர்ந்திருக்கிறது. அழுத்தம் குறைவது ஒன்றரை வோல்ட். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு திருகின் தலையில் 45 வாட் வெப்பம் இறங்குகிறது. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துவிட்டு நாம் தூங்குகிறோம். மின்னோட்டம் அளவுக்குள் இருப்பதால் எம்.சி.பி. சும்மா இருக்கிறது. எதுவும் கசியாததால் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கிறது. சூட்டில் உலோகம் கறுக்கும், கறுத்தால் மின்தடை கூடும், கூடினால் இன்னும் சூடேறும். பகலில் ஆறி இரவில் காய்ந்து, விரிந்து சுருங்கி, திருகு மேலும் தளரும்.

இப்படிப்பட்ட ஒரே ஒரு இணைப்பு என்ன செய்யும் என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களிலேயே சாட்சி இருக்கிறது. 1997 ஜூன் 13, டெல்லி கிரீன் பார்க், உபஹார் திரையரங்கு. ‘பார்டர்’ படம் வெளியான நாள். தரைத்தள வாகன நிறுத்தத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருந்தன. ஒன்று திரையரங்குடையது, மற்றது டெல்லி மின் வாரியத்தின் 1,000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்பே ஒருமுறை தீப்பிடித்து அணைக்கப்பட்டது. பணியாளர்கள் வந்து பழுது பார்த்தார்கள். பி-ஃபேஸ் கேபிளின் முனையில் மாட்டிய சாக்கெட்டை கிரிம்பிங் கருவியால் நசுக்காமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தினார்கள். முற்பகலில் சப்ளை கொடுக்கப்பட்டது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. பழுது சரியாகிவிட்டது என்று எல்லாருமே நினைத்திருப்பார்கள்.

பிற்பகலில் ஒரு மணி நேர மின்வெட்டு. 4.55-க்குச் சப்ளை திரும்பியபோது அந்த இணைப்பு கழன்றது. தொங்கிய கேபிள் டிரான்ஸ்ஃபார்மரின் ரேடியேட்டர் தகட்டில் உரசி, தீப்பொறியில் தகடு ஓட்டையாகி, எண்ணெய் கொட்டிப் பற்றிக்கொண்டது. பக்கத்தில் கார்கள். புகை மாடிப்படி வழியாகப் பால்கனிக்கு ஏறியது. அங்கே கூடுதல் இருக்கைகளுக்காக ஒரு பக்கத்து வழி அடைக்கப்பட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். 2007-இல் விசாரணை நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தப் பட்டியலைப் பாருங்கள்: திரையரங்கு உரிமையாளர்கள், மேலாளர்கள், மின் வாரியப் பணியாளர்கள், மாநகராட்சியைச் சேர்ந்தவர்கள், தீயணைப்புத் துறை அதிகாரி. ஒருவர் சுத்தியலால் அடித்தார், ஒருவர் வழியை அடைத்தார், ஒருவர் பார்க்காமலே சான்று கொடுத்தார். உரிமையாளர்களுக்கான தண்டனை என்ன என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் 2015-க்குப் பிறகும் நீண்டது. 2015-இல் தலா 30 கோடி ரூபாய் அபராதத்தோடு விட்ட நீதிமன்றம், 2017-இல் மறுஆய்வில் அவர்களில் ஒருவருக்கு ஓராண்டுச் சிறை என்றது. அந்தத் தண்டனை போதுமா என்ற கோபம் நியாயமானது. ஆனால் இந்தப் பக்கத்துக்கு வேண்டியது வேறொன்று. அன்று காலை பழுது பார்த்து முடித்த பிறகு, சுமை ஏறிய நிலையில் அந்த இணைப்பு சூடாகிறதா என்று திரும்பிப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் பிடித்த தீயில் ஆறு பேர் இறந்தார்கள். மின்கசிவாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவு எரிந்தது. ஒவ்வொரு முறையும் முதல் நாள் ‘மின்கசிவு’ என்று செய்தி வருகிறது, அதோடு கதை முடிகிறது. எந்தப் பெட்டியில், எந்த இணைப்பில், அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது யார், எப்போது என்ற விவரம் பொதுமக்களுக்கு வந்து சேர்வதே இல்லை. மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் மட்டும் நாட்டில் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. மின் கோளாறால் பிடிக்கும் தீயில் போகும் உயிர்கள் தனிக் கணக்கு.

யாருடைய வேலை என்ற கேள்விக்கு வருவோம். நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மீட்டர் அறைக்குப் போய்ப் பாருங்கள். தெருவிலிருந்து வரும் கேபிள் மின் வாரியமான ஈ.பி.யுடையது. மீட்டரும் ஈ.பி.யுடையது, சீல் வைத்தது. மீட்டருக்குப் பிறகு போகும் கம்பி வீட்டுக்காரருடையது. மீட்டரின் அடிமூடிக்குள் உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் ஓரங்குல இடைவெளியில் பக்கத்துப் பக்கத்துத் திருகுகளில் மாட்டியிருக்கின்றன. சீல் இருப்பதால் நம் எலக்ட்ரீஷியன் தொடக் கூடாது. புகார் வராததால் ஈ.பி. லைன்மேன் தொடுவதில்லை. மெயின் சுவிட்சும் பொதுப் பம்புசெட்டின் ஸ்டார்ட்டரும் சங்கத்துடையவை. சங்கச் செயலாளருக்கோ லிஃப்ட் பராமரிப்பும் தண்ணீர் லாரியும் பார்க்கவே நேரம் போதவில்லை. அறையோ உடைந்த நாற்காலிக்கும் கட்டிவைத்த பழைய பேப்பருக்கும் கிடங்கு. இப்போது புதிதாக அங்கிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்து மின் ஸ்கூட்டரும் சார்ஜ் ஏறுகிறது.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மீட்டரின் முன்னாலும் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். அவர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனாலும், கருகிய வாடையோ பழுப்பேறிய கம்பியோ அவர் கண்ணிலும் மூக்கிலும் படுவதற்கு வாய்ப்பு உண்டு. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் அந்த ஒரு பார்வையும் போய்விடும். ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற பார்வைக்குப் பதில் வேறொரு பார்வையை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

அந்த வேறொரு பார்வைதான் அகச்சிவப்புச் சோதனை. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளியே விடுகிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் தெர்மாமீட்டரை வைத்து அதைக் கண்டுபிடித்தார். இன்று அதைப் படமாகக் காட்டும் கேமரா கையடக்கமாக வந்துவிட்டது. செல்போனில் செருகும் எளிய வகை சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொழிற்சாலைகளுக்கான தரமானவை லட்சக்கணக்கில் போகும். சப்ளையை நிறுத்த வேண்டாம், எதையும் தொட வேண்டாம். ஆர், ஒய், பி மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒரே சுமை ஓடும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே கோளாறு. உலக அளவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஓர் அளவுகோலின்படி, ஒரே மாதிரியான இரு இணைப்புகளுக்கு இடையே ஒன்று முதல் மூன்று டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். 15 டிகிரியைத் தாண்டினால் உடனே சரிசெய்ய வேண்டும். பெரிய ஆலைகளும் துணைமின் நிலையங்களும் பல காலமாக இதைச் செய்கின்றன. அமெரிக்காவில் மின்சாதனப் பராமரிப்புக்கான என்.எஃப்.பி.ஏ. 70பி என்ற ஆவணம் 2023-இல் பரிந்துரை நிலையிலிருந்து கட்டாயத் தரநிலையாக உயர்ந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அகச்சிவப்புச் சோதனை வேண்டும் என்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தக் கேமராவைப்போல எளிதாக ஏமாற்றக்கூடிய கருவியும் குறைவு. காப்பீட்டுக்காகவோ கோப்புக்காகவோ சில கட்டடங்களில் நடக்கும் சோதனையைக் கவனியுங்கள். ஊழியர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்கள். அன்று ஏ.சி. இல்லை, லிஃப்ட் இல்லை. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுமை பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். கழுத்தறுக்கப்போகும் இணைப்புகூட அன்றைக்குச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். குறைந்தது நாற்பது சதவீதச் சுமையாவது ஓட வேண்டும் என்பது இத்துறையின் பால பாடம்.

அடுத்தது மூடி. பேனலுக்கு முன்னால் இருக்கும் அக்ரிலிக் தகடோ கண்ணாடியோ நம் கண்ணுக்குத் தெளிவு; அகச்சிவப்புக்குச் சுவர். மூடியைத் திறக்காமல் எடுத்த படத்தில் தெரிவது மூடியின் சூடுதான். ஆனால் சுமையோடு மூடியைத் திறப்பதும் விளையாட்டல்ல. தீச்சுடர் பாய்ந்தால் முகம் போய்விடும். உரிமம் பெற்றவர், உரிய பாதுகாப்பு உடையோடு செய்ய வேண்டிய வேலை அது. மின்சாரத்தைக் கடத்தும் பளபளப்பான செம்பு, அலுமினியப் பட்டைகளான பஸ்பார்கள் இன்னொரு பொறி. அவை தம் சூட்டை மிகக் குறைவாகவே வெளிவிடும், எதிரே நிற்பவரின் உடம்புச் சூட்டைத் திருப்பிக் காட்டும். விவரம் தெரிந்தவர் பஸ்பாரைப் படிக்காமல் பக்கத்தில் கம்பியின் பிளாஸ்டிக் உறையைப் படிப்பார், அல்லது சப்ளை நிறுத்தும்போதே ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவைத்து மறுமுறை அதன் மேல் அளப்பார். கடைசியாக வண்ணம். கேமரா தானாக அளவு பிரித்துக்கொள்வதால் இரண்டு டிகிரி வித்தியாசத்தையும் செக்கச்செவேலென்று காட்டும். படத்தில் சிவப்பைப் பார்த்துப் பயப்படுவதும் நீலத்தைப் பார்த்து நிம்மதி அடைவதும் ஒரே தப்பு. சுமை எத்தனை ஆம்பியர், வித்தியாசம் எத்தனை டிகிரி என்ற இரண்டு எண்களும் இல்லாத அறிக்கையைக் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்பலாம்.

நம்மிடம் விதிகள் இல்லாமல் இல்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு மின் ஆய்வாளர்களை நியமிக்கச் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-இல் வந்து, 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் மின் நிறுவல்களைச் சோதிக்க வேண்டும் என்கின்றன. வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேசிய மின் விதித்தொகுப்பு. ஆர்.சி.சி.பி. போன்ற கசிவுத் துண்டிப்புக் கருவியை (ஆர்.சி.டி.) தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே உள்ள நிறுவல்களுக்கு உரிமையாளரே சோதித்துத் தன்சான்று தரலாம். நாம் வசிக்கும், கடை நடத்தும், கல்யாணம் செய்யும் இடங்களில் பெரும்பாலானவை அந்த வரிக்குள் வந்துவிடுகின்றன. அரசு நம்மை நம்பி விட்டிருக்கிறது. மின் ஆய்வுத் துறையில் எத்தனை ஆட்களைச் சேர்த்தாலும் மாநிலத்தின் ஒவ்வொரு மீட்டர் பெட்டியையும் அவர்கள் திறந்து பார்க்க முடியாது என்பதால், அந்த நம்பிக்கையில் தவறும் இல்லை. நாம் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்காமல் விடுவதுதான் தவறு.

ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. காலியிடம் நிரப்பப்படாமல் இரண்டு பேர் வேலையைச் செய்யும் லைன்மேனிடம் போய், கூடுதலாகச் சூட்டையும் பார் என்று சொல்வது அநியாயம். பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் எலக்ட்ரீஷியனுக்கு, லக்கை நிதானமாக கிரிம்ப் செய்யும் பத்து நிமிடத்துக்கு யாரும் காசு தருவதில்லை. கம்பியை முறுக்கித் திருகுக்குள் சொருகினாலும் விளக்கு அதேபோலத்தான் எரிகிறது. வீட்டுச் சொந்தக்காரர் வாடகைதாரர் மாட்டிய இரண்டாவது ஏ.சி.யைக் காட்டுகிறார். வாடகைதாரர் இருபது வருஷ வயரிங்கைக் காட்டுகிறார். எல்லாரும் சொல்வது உண்மை. ஆனாலும் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400-ஐ நெருங்கி வந்து, வரிசையாக எல்லா வீட்டு டி.வி.யும் ஃப்ரிட்ஜும் போகிறது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டு அது வருவதில்லை.

ஆகவே பாரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். புதிதாக எந்தத் துறையும் தொடங்க வேண்டாம்; இருப்பதையே கொஞ்சம் நகர்த்தினால் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்தடை என்று பகுதி வாரியாக அறிவிப்பு வருகிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் லைன்மேன்கள் மரக்கிளை வெட்டுகிறார்கள், கண்ணுக்குத் தெரியும் பழுதைச் சரிசெய்கிறார்கள். சப்ளை இல்லாத நேரத்தில் எந்த இணைப்பு சூடானது என்று யாருக்கும் தெரியாது. மின்தடைக்கு இரண்டு நாள் முன்பு, இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில், எல்லா ஏ.சி.யும் ஓடும்போது, அந்தப் பகுதியின் டிரான்ஸ்ஃபார்மர்களையும் பில்லர் பெட்டிகளையும் ஒரு கேமராவோடு ஒருவர் சுற்றி வந்தால், மின்தடை நாளன்று எதை முறுக்க வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும். அதே மின்தடை நேரத்தில் குடியிருப்புச் சங்கங்கள் தங்கள் மீட்டர் அறையின் பழுதையும் செய்துகொள்ளலாம். சீலை நீக்கி, இரண்டு பக்கத் திருகையும் முறுக்கி, மறுபடி சீல் வைக்க ஈ.பி. ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார்.

செலவு பெரிய விஷயமல்ல. நாற்பது வீடுள்ள ஒரு குடியிருப்பு தரமான சோதனைக்கு ஆண்டுக்கு ஒருமுறை செலவிடும் தொகை, வீட்டுக்குப் பிரித்தால் ஒரு மாதத்துக் கேபிள் டி.வி. கட்டணத்தை ஒட்டித்தான் வரும். நான்கைந்து குடியிருப்புகள் சேர்ந்து ஆளை அழைத்தால் அதுவும் குறையும். மண்டபங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் தனியே செய்தாக வேண்டும். குறிப்பாக மண்டபம்: முகூர்த்த நாளில் சீரியல் செட்டும் ஏ.சி.யும் ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சும் ஒன்றாகத் திணறும் அந்த மாலைப்பொழுதில்தான் கேமராவுக்கு உண்மை தெரியும். சூடு கண்ட இணைப்பை முறுக்கியதோடு விடாமல், மறுபடி சுமையேற்றி ஒருமுறை படம் எடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினாலும் அலுமினியம் பிதுங்கி, நாளடைவில் அந்த இணைப்பும் தளரும்.

இதற்குக் குறுக்கே நிற்பது பயம். பெட்டியைத் திறந்து காட்டினால், அனுமதித்த சுமையைவிட அதிகம் ஓடுவது தெரிந்து அபராதம் வருமோ என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். கருகிய லக் தன் கைவேலை என்று தெரிந்தால் இனி யார் கூப்பிடுவார்கள் என்று எலக்ட்ரீஷியன் நினைக்கிறார். எழுத்தில் கொடுத்துவிட்டு ஏதாவது நடந்தால் தன் தலையில் விழும் என்று உதவிப் பொறியாளர் நினைக்கிறார். மூன்று பேரும் பேசாமல் இருப்பதே மூன்று பேருக்கும் பாதுகாப்பாகத் தெரிகிறது. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது ஒழுங்குமுறை ஆணையம்தான். வெப்பச் சோதனையில் வெளிவரும் கூடுதல் சுமைக்குக் குறிப்பிட்ட காலம் வரை அபராதம் கிடையாது, முறைப்படி சுமையை உயர்த்திக்கொண்டால் போதும் என்று ஒரு சுற்றறிக்கை வரலாம். சோதனை அறிக்கையைப் பழுது பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், குற்றம் சுமத்தக் கூடாது என்றும் அதிலேயே சேர்க்கலாம். தெரிந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாதவருக்கு இந்தச் சலுகை செல்லாது. சுற்றறிக்கை ஜனவரியில் வந்தால் பிப்ரவரி, மார்ச் மின்தடை நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏப்ரலில் சுமை ஏறத் தொடங்கிவிடும்.